கவரைவிட மோசம் தூது

ஆசிரியருக்கு வணக்கம்.

அரசியல் செய்தியாளர்களின் நேர்மை என்று பேச்செடுத்தாலே, பிரஸ் மீட்டில் பணம் வைத்து நீட்டப்படும் கவரைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். கவர் வாங்குவது அசிங்கம். அதில் விவாதிக்க ஒன்றுமில்லை. அமைச்சர் வீட்டில் டீ குடிப்பது தப்பில்லை. பழகாமல் பீட், அதாவது ஒரு கட்சியையோ துறையையோ தொடர்ந்து கவனித்துச் செய்தி எடுக்கும் வேலை, பார்க்க முடியாது. "அந்தப் பக்கம் என்ன நினைக்கிறாங்க, சும்மா கேட்டுச் சொல்லுங்களேன்" என்று தலைவர் கேட்கும்போதுதான் கால் வழுக்குகிறது.

2009 மே மாதம் மத்திய அமைச்சரவையில் தி.மு.க.வுக்கு எந்தெந்தத் துறை என்ற பேரம் நடந்தபோது, தொழில் நிறுவனங்களின் தரகராக இருந்த நீரா ராடியா டெல்லிப் பத்திரிகையாளர்களுடன் பேசிய ஒலிப்பதிவுகள் 2010 நவம்பரில் வெளியாயின. காங்கிரசுக்குச் சேதி கொண்டுபோகச் செய்தியாளர்களைக் கேட்டதுதான் பெரிய சர்ச்சையானது. தகவல் கறக்கத்தான் தலையாட்டினோம், சேதியைச் சேர்க்கவில்லை என்பது அவர்கள் தரப்பு விளக்கம். இருக்கட்டும். ஆனால் யார் யாரிடம் தூது விடுகிறார் என்பதுதானே அன்றைய செய்தி? தலையாட்டியவர் அதை எப்படி எழுதுவார்?

'ஆஃப் த ரெக்கார்டு' பேச்சிலும் இதே குழப்பம். பேசுவதற்கு முன் இருவரும் ஒப்புக்கொண்டால்தான் அது செல்லும். கொட்டித் தீர்த்துவிட்டு "இதைப் போட்டுடாதீங்க" என்றால், செய்தியாளர் அங்கேயே மறுக்க வேண்டும். சிரித்து மழுப்பினால் ஒப்புக்கொண்டதாகவே அவர் எடுத்துக்கொள்வார். பெயர் போடாவிட்டால் எப்படிக் குறிப்பிடுவது என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். ஒரே ஒருவர் சொன்னதை "கட்சி வட்டாரங்கள் தெரிவித்தன" என்று எழுதுவது பொய். சொன்னவர் யார் என்பது தலைமை நிருபருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

சக நிருபர்களிடம் எல்லை போடுவது இன்னும் கடினம். காதில் சரியாக விழாத சொல்லை அடுத்தவர் ரெக்கார்டிங்கில் சரிபார்ப்பது நல்ல பழக்கம். பேட்டி முடிந்ததும் நாலு பேர் கூடி எது லீடு, அதாவது முதன்மைச் செய்தி, என்று முடிவு செய்வது கூட்டுக் களவாணித்தனம். "அவங்க போட்டிருக்காங்க, நீ ஏன் விட்ட?" என்று அலுவலகத்தில் செய்தியைத் திருத்தும் டெஸ்க் கேட்கும் கேள்விக்குப் பயந்துதான் அது நடக்கிறது. ஆனால் ஒற்றுமை தேவைப்படுகிற இடத்தில் அது காணாமல் போகிறது: "நீங்க எந்தப் பேப்பர்?" என்று தலைவர் ஒருவரை மடக்கினால், அடுத்தவர் அதே கேள்வியைத் திரும்பக் கேட்க வேண்டும். பெரும்பாலும் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரிக்கும் பிரஸ் கவுன்சில், 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் போட முடியாது. தொலைக்காட்சி அதன் வரம்பிலேயே இல்லை. ஆகவே அலுவலகம்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பொதுத்தேர்தல் முடிந்ததும் கட்சி பீட்டை மாற்றுங்கள். புதியவர் ஆள் பிடிக்கும்வரை சில செய்திகள் தவறும். அதற்கு அவருக்கு மெமோ கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசியல் நிருபர், மதுரை