அந்த நாலு நாளைத் தவறவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனம் சில காலம் சோர்ந்தும் சில காலம் அளவுமீறி எழுந்தும் மாறிமாறிப் போகும் பைபோலார் நோயைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் சோர்வு நிலைக்குப் பக்கம் பக்கமாக இடம் கிடைக்கிறது, எழுச்சி நிலைக்கு இரண்டே வரி. அந்த எழுச்சியிலும் ஹைப்போமேனியா (மிதமான எழுச்சி), மேனியா (கட்டுமீறிய எழுச்சி) என்று இரண்டு படிகள் உண்டு. முதல் படியிலேயே பிடித்துவிட்டால் பல நேரம் மாத்திரையைச் சரிசெய்தே எழுச்சியை நிறுத்திவிடலாம். இரண்டாவது படிக்குப் போய்விட்டால் ஆளைப் பிடிக்கவே நாலு பேர் வேண்டும். வீட்டில் கூட இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிந்தே ஆக வேண்டும்.

ஹைப்போமேனியா தொடங்கும்போது வீடு சந்தோஷப்படும், சிக்கலே அங்கேதான். மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து, பரணில் கிடந்த அண்டா குண்டாவை எல்லாம் இறக்கித் துலக்கிக் கவிழ்த்து வைத்திருப்பார். பேச்சில் கலகலப்பு. விட்டுப்போன சொந்தங்களுக்கெல்லாம் போன். ‘இப்பத்தான் பழையபடி ஆயிட்டாரு’ என்று எல்லோரும் நிம்மதி அடைவார்கள். மாத்திரை நிற்பதும் பெரும்பாலும் அந்த வாரத்தில்தான்.

மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு இது. வழக்கத்துக்கு மாறான உற்சாகமோ எரிச்சலோ, கூடவே கூடிய சுறுசுறுப்பும், நாளின் பெரும்பகுதி, தொடர்ந்து 4 நாளாவது இருந்து, மற்றவர்கள் கண்ணுக்கும் அந்த மாற்றம் தெரிந்து, ஆனாலும் வேலையும் குடும்பமும் குலையாமல் ஓடினால் அது ஹைப்போமேனியா. 7 நாள் நீடித்து வாழ்க்கையைக் குலைத்தால் மேனியா. ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நிலை வந்துவிட்டால் நாள் கணக்கே கிடையாது, இரண்டாம் நாளிலும் அது மேனியாதான். இல்லாத குரல் கேட்பது, ‘சாமி என்னிடம்தான் பொறுப்பைக் கொடுத்திருக்கிறது’ என்று அசையாமல் நம்புவது போன்றவை எழுச்சியோடு சேர்ந்து வந்தாலும் அப்படியே. பலர் நினைப்பதுபோல மேனியா என்றால் எப்போதும் ஆனந்தம் என்றில்லை. வெறும் கோபமாகவே வரும் மேனியாவைத் திமிர் என்றும் குடி என்றும் எண்ணி அடித்துத் திருத்தப் பார்க்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன என்பது வேதனை.

வீட்டில் அளக்கக்கூடிய ஒரே நம்பகமான பொருள் தூக்கம். தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழிக்கும் முன், முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று ஓரத்தில் எழுதுங்கள். தாளைத் தூக்கிப் போடாமல் கோத்து வையுங்கள். 7, 7, 6, 4, 3 என்று இறங்கினால் அதுவே மணி அடிக்கிறது. தூக்கம் வராமல் புரண்டுவிட்டுக் காலையில் சோர்ந்து உட்கார்ந்தால் அது சாதாரணத் தூக்கமின்மையாகவோ சோர்வு நிலையாகவோ இருக்கலாம். 3 மணி நேரம் தூங்கிவிட்டு ‘இதுவே போதும்’ என்று துள்ளினால்தான் பயப்பட வேண்டும். தொடர்ந்து 2 இரவு அப்படிப் போனால் மூன்றாம் நாள் மருத்துவரை அழைத்துவிடுவது நல்லது, அடுத்த மாத அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். தூக்கக் குறைவு நோயின் அடையாளம் மட்டுமில்லை, நோயைத் தூண்டிவிடுவதும் அதுவே. கல்யாண வீடு, நைட் ஷிப்ட், சிவராத்திரிக் கண்விழிப்பு எல்லாமே இவர்களுக்கு ஆபத்தான இரவுகள்.

அடுத்து, பணமும் தடையும். ஹைப்போமேனியாவில் இருப்பவரிடம் ‘இந்த வண்டியை இன்னைக்கு வாங்க வேண்டாம், ரெண்டு நாள் பொறு’ என்றால் முணுமுணுத்துக்கொண்டாவது பொறுப்பார். மேனியாவில் அந்த ஒரு சொல்லே சண்டை. நகை அடகுக்குப் போகும், கடன் செயலிகள் போனில் ஏறும், முன்பின் தெரியாதவருக்கு முன்பணம் போகும். ஆகவே ஏடிஎம் கார்டு, யுபிஐ வரம்பு, பைக் சாவி இவற்றை யார் வைத்துக்கொள்வது என்று அவர் நலமாக இருக்கும்போதே அவரோடு பேசி, அவர் கையாலேயே எழுதி வாங்கி வையுங்கள். எழுச்சி ஏறிய பிறகு பேசிப் பயனில்லை, தனக்கு நோய் என்ற உணர்வே அப்போது போய்விடும். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017 இதற்கு வழி தருகிறது. தனக்கு என்ன சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம், தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கலாம். அந்தப் பிரதிநிதி விண்ணப்பித்து, இரண்டு நிபுணர்கள் தனித்தனியே பரிசோதித்து ஒப்பினால், அந்தச் சட்டத்தின் 89-ஆம் பிரிவின்படி நோயாளியை 30 நாள் வரை மருத்துவமனையில் சேர்க்கலாம்.

பைபோலாருக்குத் தரப்படும் லித்தியம் என்ற மருந்தைச் சாப்பிடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆள் ஏறுகிறார் என்று வீட்டிலேயே மாத்திரையைக் கூட்டாதீர்கள். ரத்தத்தில் இதன் அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும், 1.5-ஐத் தாண்டினால் நஞ்சு. கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்தே ரத்தம் கொடுக்க வேண்டும். காலை மாத்திரையைப் போட்டுவிட்டு லேபுக்குப் போனால் அளவு கூடுதலாகக் காட்டும், மருத்துவரும் அதை நம்பி டோஸைக் குறைப்பார், நோய் ஏறும். வயிற்றுப்போக்கு, கடும் வெயிலில் நீர் வற்றுவது, மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் அளவை ஏற்றிவிடும். கை பலமாக நடுங்கி, நடை தள்ளாடி, நாக்குக் குழறினால் அன்றே மருத்துவமனை.

இன்னொன்று. சோர்வுக்காக மட்டும் மருத்துவரிடம் போகிறவர், இடையில் வந்த அந்த ‘நல்ல’ வாரங்களை நோயாகவே நினைக்காததால் சொல்வதே இல்லை. மருத்துவரும் சோர்வுக்கு மட்டும் மாத்திரை எழுதுவார். பைபோலார் உள்ளவருக்கு அந்த மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு அதுவே மேனியாவைக் கிளப்பிவிடும். கோத்து வைத்த காலண்டர் தாள்களை மருத்துவரின் மேசையில் எடுத்து வையுங்கள். உடனே பார்க்க மருத்துவர் கிடைக்காத ஊர்களில் 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் இரவு பகலாகத் தமிழில் பேசலாம். தங்கள் நாளிதழ் இந்த எண்ணை மருத்துவப் பக்கத்தில் வாராவாரம் வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மனநலப் பணியாளர்கள் சிலர்,
மதுரை