கடலன்பர்

நாகர்கோவில்
20 ஜூன்

மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. சின்னமுட்டத்தில் 14-ஆம் தேதியோடு மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் இறங்கிவிட்டன. மேற்குக் கரையான குளச்சல் பக்கம் ஜூலை 31 வரை கரையில்தான்.

பள்ளி மன்றத்துக்குப் பெயராக நீ வைக்க நினைக்கும் ‘தலாசஃபைல்’ (கடலை நேசிப்பவர்) என்ற ஆங்கிலச் சொல்லில் அழுத்தம் ‘லா’வில் விழ வேண்டும். ‘தாலசோ’ என்று முதலெழுத்தை நீட்டக்கூடாது. பலகை எழுதுபவரிடம் எஸ் இரண்டு, எஃப் அல்ல பி-எச் என்று சொல்லிவிடு.

கிரேக்கத்தில் ‘தலஸா’ கடல், ‘ஃபிலோஸ்’ அன்புள்ளவர். ஆஸ்பத்திரியில் கேட்கும் தலசீமியாவும் அதே வேர்தான்; மத்தியதரைக் கடல் நாட்டு வம்சாவளிக் குழந்தைகளிடம் முதலில் கண்ட ரத்த நோய் என்பதால் 1930-களில் வைத்த பெயர். ‘தலஸா’ கிரேக்கருக்கே இரவல் சொல், அவர்களுக்கு முன்பு அங்கே வாழ்ந்தவர்களுடையது என்பது மொழியறிஞர் பலரின் கருத்து.

நமக்கு இரவல் எதற்கு? ஆழி, பரவை, பௌவம், புணரி, முந்நீர் என்று எத்தனை! முந்நீரை மட்டும் முக்கடல் சங்கமத்தோடு முடிச்சுப் போட்டுவிடாதே. ஆற்றுநீர், ஊற்றுநீர், மழைநீர் மூன்றும் சேர்ந்தது என்பது ஒரு பழைய உரை.

‘கடல் பிரியர்’ வேண்டாம். மீன்பிரியர் மாதிரி சாப்பாட்டு வாசனை அடிக்கும். ‘கடல் ஆர்வலர்’ இப்போது போராட்டக்காரரைத்தான் நினைவூட்டும். கடலன்பர் மன்றம் என்று வை. சின்னப் பிள்ளைக்கும் வாயில் நிற்கும்.

முதல் கூட்டத்துக்கு வயதான கட்டுமரக்காரர் ஒருவரை அழைத்து, கரை அடையாளங்களை வைத்துக் கடலில் இடம் குறிக்கும் கணியம் சொல்லித்தரச் சொல். அன்பு அங்கிருந்து தொடங்கட்டும். கரையில் ஒரு கோயில் கோபுரம், அதற்குப் பின்னால் ஒரு மலை: இரண்டும் நேர்கோட்டில் நிற்கும்படி வள்ளம் நகர வேண்டும். அதே நேரம் வேறு திசையில் ஒரு தென்னந்தோப்பும் இன்னொரு குன்றும் நேராக வர வேண்டும். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில்தான் மீன் அடையும் பார் (கடலடிப் பாறைத்திட்டு) இருக்கும். ஒரு கோடு போதாது. நீரோட்டம் வள்ளத்தை அந்தக் கோட்டிலேயே இழுத்துக்கொண்டு போனால் தெரியாது.

ஆனி, ஆடியில் வைக்காதே. மேகம் இறங்கி மலையை மூடினால் கணியம் கிடைக்காது. மழை விட்டு மலை துலங்கும் ஒரு காலையாகப் பார்.

அன்புடன்,
உன் கூட்டாளி