மலைத் தோட்டத்து ஒயினுக்கு ஏன் அந்த விலை?

ஆசிரியருக்கு வணக்கம்.

மலைச்சரிவில் ஒரே குடும்பம் நடத்தும் சின்னத் தோட்டத்து சிவப்பு ஒயின் என்றாலே, பேரைச் சொல்லி விலையை ஏற்றுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 100 மீட்டர் மேலே போனால் சராசரியாக 0.6 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறையும், பகலில் வெயில் சுள்ளென்று அடித்தாலும் இரவில் நன்றாகக் குளிர்ந்துவிடும், அதனால் பழம் நிதானமாகப் பழுத்து, இனிப்பு ஏறினாலும் புளிப்பு போய்விடாமல் தங்குகிறது. உயரத்தில் புற ஊதாக் கதிரும் அதிகம், தோல் தடிக்கும். சிவப்பு ஒயினுக்கு நிறமும் துவர்ப்பும் தருவது அந்தத் தோல்தான், பெரும்பாலான கறுப்புத் திராட்சையின் சாறுக்கு நிறமே கிடையாது (சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்!).

அப்புறம் வேலை. இத்தாலியின் வால்டெல்லினாவில் கல்சுவர் கட்டி எழுப்பிய படிக்கட்டு நிலங்களில் நெபியோலோ திராட்சை வளர்க்கிறார்கள், அந்தச் சரிவில் இயந்திரம் எங்கே ஏறும், பறிப்பதெல்லாம் கையால்தான். ஒரு ஆலங்கட்டி மழை வந்தால் போதும், வருட வருமானமே போய்விடும். பெரிய கம்பெனி வேறு இடத்துப் பழத்தை வாங்கிச் சமாளிக்கும், சின்னக் குடும்பம் என்ன செய்யும்?

அதற்காக லேபிளில் மலைப் படம் போட்டதெல்லாம் உசத்தி என்று சொல்லவில்லை. பழம் யாருடையது, பாட்டிலில் அடைத்தது யார் என்று பார்த்து வாங்குங்கள். சரி, இதயத்துக்கு நல்லது என்ற பேச்சை மட்டும் விட்டுவிடலாம், எந்த அளவு மதுவும் பாதுகாப்பானது இல்லை என்று உலக சுகாதார நிறுவனமே 2023-இல் சொல்லிவிட்டது. நான் குடிப்பது ருசிக்காக, அதுவும் எப்போதாவது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்