பாதாம் பால் பட்டியலும் பருத்திப்பால் வண்டியும்: நனிசைவ நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

நனிசைவ உணவை, அதாவது 'வீகன்' உணவைப் பரப்பும் நண்பர்கள் அனைவருக்கும்,

வணக்கம். போன வருடம் தை மாதம் மதுரையில் ஒரு கண்காட்சியில் உங்களைப் போன்ற இரண்டு பேரோடு அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன். பால், தயிர், முட்டை, கறி எல்லாவற்றையும் விடுவது என்று நான் முடிவெடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அதற்கான காரணம் என் சித்தப்பா வீட்டு மாட்டுத் தொழுவத்தில் கிடக்கிறது. அதை இங்கே விரிக்க வேண்டாம், உங்களுக்குப் புரியும். அவர்கள் அன்பாகப் பேசினார்கள். கிளம்பும்போது வழவழப்பான தாளில் அச்சடித்த ஒரு பட்டியலைக் கையில் கொடுத்தார்கள். புதிதாகத் தொடங்குபவர் வீட்டில் இருக்க வேண்டிய பொருள்களாம். நான் அச்சகத்தில் வேலை பார்ப்பவன். தொட்டதுமே 170 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர், கனமான விலை கூடிய தாள், என்று கை சொல்லிவிட்டது. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

பாதாம் பால், ஓட்ஸ் பால், டோஃபு என்ற சோயாப் பால் கட்டி, வீகன் சீஸ், சியா விதை, கினோவா என்ற வெளிநாட்டுத் தானியம், நியூட்ரிஷனல் ஈஸ்ட் என்று போனது அந்தப் பட்டியல். நான் சொன்னபடி கேட்கிற ஆள். இரண்டு சூப்பர் மார்க்கெட் ஏறி இறங்கி, கிடைக்காததை ஆன்லைனில் வரவழைத்தேன். பத்து நாளில் 2,840 ரூபாய் போயிருந்தது. என் மாதச் சம்பளம் 17,000. பாதாம் பால் லிட்டர் இருநூறு ரூபாயைத் தாண்டுகிறது. நீல நிற ஆவின் பாக்கெட் அரை லிட்டர் 20 ரூபாய். அம்மா ஒரு நாள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வீகன் சீஸை என்ன செய்வதென்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. மாட்டுப்பால் சீஸே வாங்கியறியாத வீடு அது. இல்லாத சீஸுக்கு எதற்கு மாற்று? பதினோராவது நாள் காலை அம்மா கொடுத்த பால் காப்பியை வாங்கிக் குடித்தேன். அதோடு இரண்டு மாதம் எல்லாம் பழையபடி ஓடியது.

என்னைத் திரும்ப இழுத்து வந்தது சிம்மக்கல் பக்கம் நின்ற ஒரு பருத்திப்பால் வண்டி. மதுரைக்காரனுக்குப் பருத்திப்பாலை அறிமுகப்படுத்தத் தேவையில்லை, சின்ன வயதிலிருந்து குடிக்கிறேன். ஆனால் அன்றைக்குத்தான் மண்டையில் உறைத்தது. "அக்கா, இதுல மாட்டுப்பால் கலப்பீங்களா?" என்று கேட்டேன். "மாட்டுப்பால் ஊத்துனா இதுக்கு எதுக்குத் தம்பி பருத்திப்பால்னு பேரு?" என்றார். பருத்திக்கொட்டையை ராத்திரி ஊறவைத்து, ஆட்டிப் பாலெடுத்து, அரிசி மாவு, வெல்லம், சுக்கு, ஏலக்காய், தேங்காய்த் துருவல் சேர்த்துக் காய்ச்சுவது. லிட்டர் இருநூறு கொடுத்து நான் தேடி அலைந்த தாவரப் பாலை, தெருவில் தள்ளுவண்டியில் வைத்து டம்ளர் கணக்கில் விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பட்டியலில் இது ஏன் இல்லை?

வீட்டில் செய்து பார்க்கலாமென்று பருத்திக்கொட்டை வாங்கிப் போனேன். "ஏன்டா, மாட்டுக்கு வைக்கிறதையெல்லாம் நீயே தின்னுட்டா மாடு எதைத் திங்கும்?" என்று அம்மா கேட்டார். இதற்கு உங்களிடம் பதில் இருந்தால் அனுப்புங்கள். நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புதிதாக வருகிறவர் கையில் நீங்கள் கொடுக்கும் பட்டியல், அவர் ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருக்கும் கடையிலிருந்து தொடங்க வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு அது ரேஷன் கடை. அரிசி அட்டைக்கு 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ஒரு கிலோ துவரம் பருப்பில் 200 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. முப்பது ரூபாய்க்கு அவ்வளவு புரதம் வேறு எந்தக் கடையில் கிடைக்கும்? வெளியில் அதே பருப்பு கிலோ நூறுக்கு மேல்தான். 'புரதத்துக்கு என்ன செய்வது' என்ற கேள்விக்கு உங்கள் ஆட்கள் டோஃபுவைக் காட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் ரேஷன் அட்டையைக் காட்டுவேன்.

'வீகன்' என்ற சொல் பிறந்ததே ரேஷன் காலத்தில்தான். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். டொனால்ட் வாட்சனும் சில நண்பர்களும் 1944 நவம்பரில் இங்கிலாந்தில் வீகன் சொசைட்டியைத் தொடங்கியபோது இரண்டாம் உலகப் போர் முடிந்திருக்கவில்லை. 'வெஜிடேரியன்' என்பதன் தலையையும் வாலையும் ஒட்டி வாட்சன் அந்தப் பெயரை உண்டாக்கினார். அங்கே 1940இல் வந்த உணவுப் பங்கீடு 1954 வரை நீடித்தது. கறிக் கூப்பனை வேண்டாமென்ற சைவர்களுக்குப் பாலாடைக்கட்டி கூடுதலாகக் கிடைத்தது. வாட்சன் கூட்டத்துக்கு அதுவும் ஆகாது. பங்கீட்டில் கிடைத்ததையும் உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸையும் வைத்துத்தான் அவர்கள் ஓட்டியிருக்க வேண்டும். அவர்கள் வாரிசுகள் கினோவாவில் வந்து நிற்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பாக இருக்கிறது, கோபிக்காதீர்கள்.

ரேஷனுக்கு அப்புறம் உழவர் சந்தை. 1999 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறந்தது எங்கள் மதுரை அண்ணா நகரில்தான் என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போட்டுவிடுவார்கள், பேரம் பேசி ஏமாற வேண்டியதில்லை. முருங்கைக் கீரை, அகத்திக் கீரை, சுரைக்காய், பூசணி, பீர்க்கங்காய் எல்லாம் வாங்கி நூறு ரூபாய்க்குள் ஒரு பை நிறையும். ஆறு மணிக்குப் போனால் நல்ல காய், ஒன்பதுக்குப் போனால் மிச்சக் காய். பால் இல்லையென்றால் கால்சியத்துக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு நான் கேப்பையையும் (கேழ்வரகு) எள்ளையும் சொல்கிறேன். நூறு கிராம் கேப்பையில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. எள்ளில் அதைவிடப் பல மடங்கு. எள்ளுப் பொடி இருக்கும் வீட்டுக்குச் சியா விதை எதற்கு? வரகு, சாமையை மட்டும் நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. ஒரு காலத்தில் ஏழை வீட்டுச் சோறாக இருந்தது இப்போது அழகான பாக்கெட்டுக்குள் போய்ப் பணக்கார வீட்டுச் சோறாகிவிட்டது. கேப்பையும் கம்பும்தான் இன்னும் நம்மோடு இருக்கின்றன.

பயறு வகைக்குக் கீழமாசி வீதி. தட்டைப்பயறு, பாசிப்பயறு, கொள்ளு, கருப்புக் கொண்டைக்கடலை, மொச்சை, மீல்மேக்கர் எல்லாம் மூட்டையிலிருந்து அள்ளிக் கொடுக்கும் மொத்தக் கடைகள் அங்கே உண்டு. தெருவில் இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஐந்து கிலோவாக வாங்கிப் பிரித்துக்கொண்டால், பாக்கெட் போட்டு அடுக்கி வைத்திருக்கும் கடையைவிட நல்ல மிச்சம். எங்கள் பக்கத்து வீட்டு அத்தை ஞாயிறு தவறாமல் கறி எடுப்பவர். அவர்தான் என்னோடு கொண்டைக்கடலையில் பங்கு. நனிசைவம் என்ற சொல்லை அவரிடம் நான் உச்சரித்ததே இல்லை. 'சைவம்' என்று தொடங்கினாலே எங்கள் தெருவில் சிலருக்கு முகம் மாறும். யார் வீட்டில் யார் சாப்பிடலாம், யார் கூடாது என்ற பழைய கணக்கெல்லாம் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும். நீங்கள் பேசப் போகும் இடத்தில் இதை நினைவில் வையுங்கள்.

இனி பாலும் தயிரும். புதிதாக வருபவர் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நூறு கிராம் பச்சை நிலக்கடலை, அதாவது வறுக்காத பருப்பு, பதினைந்து ரூபாய் போல ஆகும். ராத்திரி ஊறவைத்துக் காலையில் தோலை உரித்து, மிக்ஸியில் நைசாக அரைத்து, வேட்டித் துணியில் வடிகட்டினால் அரை லிட்டருக்கு மேல் பால். அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே காய்ச்ச வேண்டும். விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் பத்துப் பன்னிரண்டு பச்சை மிளகாய்க் காம்பைப் போட்டு மூடி வைத்தால் மறுநாள் காலை உறைந்திருக்கும். முதல் தடவை உறைவதில் காம்பு வாடை இருக்கும். அதைச் சாப்பிடாமல், அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அடுத்த பாலுக்கு உறை ஊற்றுங்கள். மூன்றாவது தடவை அம்மாவே சோற்றில் பிசைந்து, ஊறுகாய் வைத்துச் சாப்பிட்டுப் பார்த்தார். "பரவாயில்லை" என்றார். எங்கள் வீட்டில் அது பெரிய விருது. வடிகட்டிய சக்கையை அடை மாவில் சேர்த்துவிடலாம்.

டீ, காப்பியைப் பற்றி உங்களில் யாரும் உண்மையைச் சொல்வதில்லை. கடலைப் பாலில் போட்ட டீ நன்றாக இருக்காது. தேங்காய்ப் பால் டீயில் திரிந்து நிற்கும். நான் நாலு வாரம் போராடிவிட்டுக் கருப்பட்டி போட்ட வரக்காப்பிக்கு மாறிவிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் புதியவர் பாதாம் பாலுக்குக் காசைக் கொட்ட மாட்டார். 2025 செப்டம்பரில் தாவரப் பால் பானங்களுக்கான ஜிஎஸ்டியை 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். நல்லதுதான், ஆனாலும் மாட்டுப்பால் விலைக்குப் பக்கத்தில்கூட அது வரவில்லை.

வைட்டமின் பி12 பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் பட்டியலில் அது பின்பக்கத்தில், சின்ன எழுத்தில் இருந்தது. முன்பக்கத்தில் முதல் வரியாக வந்திருக்க வேண்டும். கீரையிலும் பயறிலும் பி12 கிடையாது. புளித்த இட்லி மாவில் கிடைக்கிறது என்று உங்கள் ஆட்களே சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள், அதை நம்பி இருக்க முடியாது. மாத்திரைதான் வழி. ஒன்று ஏறக்குறைய ஒரு டீ விலைதான் வருகிறது. மக்கள் மருந்தகத்தில் கேட்டால் இன்னும் குறைவாகவும் கிடைக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்து, எத்தனை நாளைக்கு ஒன்று என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். மற்ற எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடிக்கலாம், இதில் கூடாது.

பாக்கெட் பொருள் வாங்கும்போது பச்சைப் புள்ளியைப் பார்த்து ஏமாறுவதும் நடக்கிறது. பச்சைப் புள்ளி என்றால் சைவம், அதற்குள் பாலும் நெய்யும் தாராளமாக வரும். நனிசைவத்துக்கென்று தனிச் சின்னம், 2022ஆம் ஆண்டு விதிகளின்படி 'வி' எழுத்தோடு, இருக்கிறது. ஆனால் அது விலை கூடிய பாக்கெட்டுகளில்தான் என் கண்ணில் படுகிறது. அஞ்சு ரூபாய் பிஸ்கட்டில் பின்பக்கம் திருப்பி, பால் பொருள் சேர்ந்திருக்கிறதா என்று படிப்பதுதான் ஒரே வழி. ஹோட்டலில் பொங்கலையும் பரோட்டாவையும் விட்டுவிட்டு இட்லி, தோசையை நெய் வேண்டாமென்று சொல்லி வாங்கினால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. கம்பங்கூழ் வண்டியில் மோர் ஊற்றுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

இப்போது உணவுக்கு எனக்கு ஆகும் செலவு, கறியும் பாலும் சாப்பிட்ட காலத்தைவிட மாதம் ஐந்நூறு அறுநூறு ரூபாய் குறைவு. என் நோட்டில் கணக்கு இருக்கிறது, யார் கேட்டாலும் காட்டுவேன். பதினோராவது நாளில் தோற்றுப்போனவன் இன்று பதினோரு மாதத்தைக் கடந்திருக்கிறேன். நடுவில் போன அந்த இரண்டு மாதத்துக்குப் பட்டியலும் ஒரு காரணம் என்றுதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். என்னைப் போல விட்டுவிட்டுத் திரும்பி வராமலே போனவர்கள் எத்தனை பேரோ.

ஆகையால் கேட்கிறேன். பட்டியலைப் புதிதாக எழுதுங்கள். தமிழில், ஒரே பக்கத்தில், ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே விலையும் எந்தக் கடை என்பதும் இருக்கட்டும். டோஃபுவும் சீஸும் வேண்டுமென்றால் கடைசியில் 'ஆசைப்பட்டால்' என்று தலைப்புப் போட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை மேசை போடும்போது மாலுக்குள் போடாமல் ஏதாவது ஓர் உழவர் சந்தை வாசலில் போடுங்கள். சுவைத்துப் பார்க்கக் கொடுக்கும் சின்னக் கப்பில் பருத்திப்பாலை ஊற்றிக் கொடுங்கள். சிம்மக்கல் அக்காவிடம் மொத்தமாகச் சொன்னால் கொண்டுவந்து இறக்குவார், கேட்டுவிட்டேன்.

அச்சடிக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். முதலாளியிடம் பேசியாயிற்று, ஆயிரம் பிரதிக்குத் தாள் காசு மட்டும் போதும் என்கிறார். 170 ஜிஎஸ்எம் வேண்டாம், நோட்டுத் தாள் போன்ற 60 ஜிஎஸ்எம் மேப்லித்தோ போதும். அதில்தான் பேனாவால் விலையைத் திருத்தி எழுத முடியும். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஆறரைக்குச் சொக்கிகுளம் உழவர் சந்தை வாசலில் இருப்பேன். வருகிறவர்கள் துணிப்பை கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
கண்காட்சியில் உங்கள் பட்டியலை வாங்கிப் போன அச்சகத்துக்காரன்,
மதுரை