ராஜ்மகால் மலை ஆலயத் திருப்பணி: நிறைவு அறிக்கை

கிறிஸ்துவுக்குள் பிரியமான சபையாருக்கு, திருப்பணிக் குழுவின் ஸ்தோத்திரங்கள்.

ஜார்க்கண்ட் மாநிலம் சாகிப்கஞ்ச் மாவட்டத்து மலையூரில் திருநெல்வேலிப் பகுதியிலுள்ள நம் சேகரத்தின் (பல ஊர்ச் சபைகள் சேர்ந்த வட்டாரத்தின்) காணிக்கையால் கட்டிய ஆலயம் பிரதிஷ்டை ஆகிவிட்டது. அஸ்திவாரம், சுவர், தரை, கதவு ஜன்னல், வெள்ளையடிப்பு எல்லாம் முடிந்தன. அவற்றின் அளவும் தரமும் பணித்தளப் பொறுப்பாளரின் சான்றோடு கோப்பில் இருக்கின்றன.

மதிப்பீடு 14,20,000 ரூபாய். முடிந்த செலவு 17,35,000. கூடிப்போன 3,15,000 ரூபாயைப் பற்றித்தான் ஆலய வாசலிலும் கல்யாண வீட்டிலும் பேச்சு. பேசட்டும், கொடுத்தவர்களுக்குக் கேட்க உரிமை உண்டு. அதனால் இந்த அறிக்கையின் பெரும்பகுதி அதற்கே போகிறது.

காண்ட்ராக்டர் அடிவாரப் பக்கத்து ஆள். ஆரம்பத்தில் நன்றாகவே வேலை செய்தார். ஒப்பந்தத்தில் 'பொருள்களைப் பணியிடத்தில் சேர்ப்பது காண்ட்ராக்டர் பொறுப்பு' என்று தெளிவாக எழுதியிருந்தோம். ஆனால் அந்த ஊருக்கு மேல்டோலா, கீழ்டோலா என்று இரண்டு குடியிருப்புகள். டிராக்டர் கீழ்டோலாவோடு நின்றுவிடும். ஆலயம் மேல்டோலாவில். கருங்கல் அங்கேயே கிடைக்கும், ராஜ்மகால் மலையே கருங்கல்தான். மணலும் சிமெண்டும் கம்பியும்தான் ஏற வேண்டும். அவர் எல்லாவற்றையும் கீழே இறக்கிவிட்டு, "ஊர் பெயர் ஒன்றுதானே, பணியிடம் இதுதான்" என்று சொல்லிவிட்டார். மேலே ஏற்ற மூட்டைக்குத் தனிக் கூலி கேட்டார். நாங்கள் மறுத்தோம். லிண்டல் மட்டத்துக்கு, அதாவது கதவு ஜன்னலுக்கு மேல்வரை, சுவர் எழும்பியிருந்த நேரத்தில் கான்கிரீட்டைத் தாங்கும் சென்டரிங் பலகைகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் மழை வந்தது. கீழே தார்ப்பாய் போட்டு மூடியிருந்த சிமெண்டில் 40 மூட்டை கல்லாக இறுகிவிட்டது.

"கோர்ட்டுக்கு ஏன் போகவில்லை?" என்று கேட்கும் அண்ணாச்சிமார் ஒன்றை யோசிக்க வேண்டும். வழக்கு அங்கேதான் நடக்கும். வாய்தாவுக்கு வாய்தா போய் நிற்க வேண்டியவர் அங்கே ஊழியம் செய்யும் நம் மிஷனெரி. சாட்சி சொல்ல வேண்டியவர்கள் அந்த மலைச் சபையார். அவர்களில் பலர் அடிவாரத்துக் கல்குவாரிகளில் கூலிக்குப் போகிறவர்கள், காண்ட்ராக்டருக்கோ குவாரிக்காரர்கள் எல்லாரையும் தெரியும். நாம் இங்கே தீர்ப்பு நகலைக் கையில் வைத்துக்கொண்டு சந்தோஷப்பட, அவர்கள் அங்கே வேலையை இழப்பதா? அதனால் முடிந்த வேலையை அளந்து, இறுகிப்போன 40 மூட்டையின் விலையைக் கழித்துக்கொண்டு, மீதியைக் கொடுத்துக் கணக்கை முடித்தோம். அந்தத் தீர்மானத்தில் குழுவினர் எல்லாரும் கையெழுத்திட்டார்கள். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வோம்.

வேறு கொத்தனார்களை வைத்து மீதியை முடிக்கவும், சென்டரிங்கை மறுபடி வாடகைக்கு எடுக்கவும் 94,000 ஆனது.

மேலே ஏற்றிய கூலி 1,62,000. அதிகமாகக் குறை சொல்லப்படுவது இதுதான். நம் ஊர் ஆலயம் எழும்பியபோது நம் தாத்தாமார் கூலி வாங்கினார்களா என்று கேட்கிறார்கள். வாங்கவில்லை. ஆனால் அந்த மலையின் ஆதிவாசிகளான மால்டோ ஜனங்கள் மலைச்சரிவில் மக்காச்சோளமும் தட்டைப்பயறும் விதைத்துப் பிழைக்கிறவர்கள். சுமை ஏற்ற வேண்டி வந்ததோ களையெடுப்புக் காலத்தில். அந்த நேரத்தில் ஒரு நாள் காட்டுக்குப் போகாவிட்டால் பின்னால் அடுப்பு எரியாது. 50 கிலோ சிமெண்ட் மூட்டையை அந்த ஏற்றத்தில் ஒருவர் தலையில் கொண்டுபோக முடியாது. உரச்சாக்கில் பாதி பாதியாகப் பிரித்துக் கட்டினார்கள். பாதை திரும்புகிற இடத்தில் உதிரிக்கல். அங்கே ஒரு பாட்டி மணல் கூடையை இறக்கி வைத்தபோது இரண்டு கை மணல் சிந்திவிட்டது. அந்த அம்மா குனிந்து, கல்லை நீக்கி, இலையால் வழித்து அத்தனையையும் கூடையில் போட்ட பிறகுதான் மறுபடி தூக்கினார். அவருக்குக் கூலி கொடுத்தது தவறு என்று எங்களில் ஒருவரும் நினைக்கவில்லை. கூலி வாங்கிய அதே ஜனங்கள் வீட்டுக்கு வீடு தட்டைப்பயறு அளந்து காணிக்கை படைத்தார்கள் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மீதி 59,000 ஆலயத்தின் பக்கவாட்டில் கட்டிய அறைக்கு. இது திட்டத்தில் இல்லை. கேட்டது அந்தச் சபை. பகலில் பிள்ளைகள் படிக்கவும், சுகாதார ஊழியர் வரும் நாளில் மலேரியாவுக்கு ரத்தம் எடுக்கவும் ஓர் இடம் வேண்டும் என்றார்கள். மலேரியாவும் கருங்காய்ச்சலும் (காலா அசார்) வருஷக்கணக்காக ஆள் தின்ற மலை அது. "ஆலயத்துக்குக் கொடுத்த பணம் ஆலயத்துக்கு மட்டும்" என்று எழுதிக் கொடுத்த இரண்டு குடும்பங்களின் காணிக்கையை அந்த அறைக்குத் தொடவில்லை. கணக்கில் தனியாகக் காட்டியிருக்கிறோம்.

அடுத்தது, பத்திரம். "நம் பணம் போட்ட கட்டடம், நம் பெயரில் பத்திரம் எங்கே?" பத்திரம் இல்லை, இருக்கவும் முடியாது. 1949-ஆம் வருஷத்து சந்தால் பர்கனா குத்தகைச் சட்டப்படி அங்குள்ள குடிகளின் நிலத்தை வெளியார் விலைக்கு வாங்க முடியாது. ஆதிவாசிகளின் நிலம் கைமாறிப் போகாமல் காக்க வந்த சட்டம் அது, நல்ல சட்டம். ஒரு விசுவாசக் குடும்பம் தன் நிலத்தில் இடம் விட்டது. நிலம் அவர்களுடையது, ஆலயம் அந்தச் சபையுடையது. வாசற்கல்லில் மால்டோ மொழி வாசகம் மட்டும் இருப்பதும், நம் சேகரத்தின் பெயர் இல்லாததும் எங்கள் தீர்மானமே.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கி, தோர்ணக்கல் பக்கம் தெலுங்கு ஜனங்களிடம் ஊழியரை அனுப்பியது நம் திருநெல்வேலிச் சபை. அந்த ஆரம்பத்துக்கு முன்நின்ற வெள்ளாளன்விளை அசரியா 1912-ல் அங்கேயே பேராயரானார். 1939-ல் பிரதிஷ்டையான தோர்ணக்கல் பேராலயத்தைப் பாருங்கள். கோவில் மண்டபமும் மசூதிக் கும்மட்டமும் கலந்து அந்த மண்ணின் சாயலில்தான் நிற்கிறது, திருநெல்வேலிக் கோபுரத்தின் நகலாக இல்லை. ராஜ்மகாலுக்கும் நமக்கும்கூடப் பழைய உறவு உண்டு. நமக்கு மிஷனெரி ரேனியஸ் ஐயரை அனுப்பிய அதே சி.எம்.எஸ். என்னும் இங்கிலாந்து மிஷனெரி சங்கத்தின் டிரோஸ் ஐயர்தான் மால்டோவில் சுவிசேஷப் பகுதிகளை மொழிபெயர்த்து, 1884-ல் அந்த மொழிக்கு இலக்கணமும் எழுதினார். மால்டோ திராவிட மொழி. நம்மவர்கள் அங்கே போய்ச் சீக்கிரம் பேசிப் பழகியதில் அதற்கும் பங்கு உண்டு.

தாமதம் பற்றி ஒரு வரி. நம் திருநெல்வேலிப் பக்கத்து இடையன்குடி ஆலயம் 1880-ல் பிரதிஷ்டை ஆகும்வரை 33 வருஷம் ஆனது. நமக்கு ஒரு மழைக்காலம் கூடுதலாக ஆனது.

சிங்கப்பூர் குடியுரிமை பெற்றுவிட்ட நம் ஊர் அண்ணன் ஒருவரின் பெரிய தொகையைத் திருப்பி அனுப்பியது உண்மை. வெளிநாட்டுக் குடிமகன் கொடுத்தால் அது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. அதற்கான பதிவும், டெல்லி ஸ்டேட் பாங்க் கிளையில் தனிக் கணக்கும் இல்லாமல் வாங்கக் கூடாது. அவர் வருத்தப்படவில்லை. இங்குள்ள சிலர்தான் வருத்தப்பட்டார்கள்.

கொடுத்தவர்கள்: பெண்கள் ஐக்கிய சங்கத்தாரின் கைப்பிடி அரிசி, சனிக்கிழமைக் கூலியில் எடுத்துவைத்த பீடி சுற்றும் அக்காமார், அறுப்பின் பண்டிகை ஏலம், அதில் ஒரே பூசணிக்காயை மூன்று முறை ஏலம் எடுத்துத் திருப்பிக் கொடுத்த கீழத்தெரு அண்ணாச்சி, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்யும் நம் பிள்ளைகள், தாராவியில் இருக்கும் நம் ஊர்க் குடும்பங்கள், ஞாயிறு பள்ளி உண்டியல், பாடகர் குழு, பனையேறும் இரண்டு மாமாமார், தாயார் நினைவாகக் கதவுகள் முழுவதையும் ஏற்றுக்கொண்ட குடும்பம், பெயர் சொல்லாமல் கவரில் போட்டவர்கள். முழுப் பட்டியலும் தொகையும் ஆலய வாசல் பலகையில். விட்டுப்போன பெயர் இருந்தால் ரசீதோடு வாருங்கள், சேர்க்கிறோம்.

மொத்த வரவு 17,61,500. கையிருப்பு 26,500. இதை என்ன செய்வது என்று மலைச் சபையிடம் கேட்டு எழுதியிருக்கிறோம். பதில் வந்ததும் சேகரக் கமிட்டியில் வைப்போம். வவுச்சர்கள் ஞாயிறு ஆராதனைக்குப் பின் சேகர அலுவலகத்தில் இருக்கும், யாரும் புரட்டிப் பார்க்கலாம்.

திருப்பணிக் குழுவுக்காக,
செயலர்