நின்ற இடத்தில் வரைவதே பயண ஓவியம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாடு செல்வோர் தாம் காணும் நகரங்களையும் நிலக்காட்சிகளையும் ஓவியக் குறிப்பேட்டில் வரைந்து வரலாம் என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். பல ஆண்டுகளாக அப்படியொரு குறிப்பேட்டைப் பையில் சுமந்து திரிபவன் என்ற முறையில், அதில் தரப்பட்டிருந்த ஓர் ஆலோசனையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கண்ட இடத்தைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு, இரவில் விடுதி அறையில் அமர்ந்து நிதானமாக வரைந்து வண்ணம் தீட்டலாம் என்கிறது கட்டுரை. அதுவும் நல்ல கைப்பயிற்சிதான். ஆனால் குறிப்பேட்டை எதற்காகச் சுமக்கிறோமோ அந்தப் பயன் அதில் கிடைக்காது.

இஸ்தான்புல்லின் கலாட்டா பாலத்தில் நின்று, எதிரே குன்றின் மேல் தெரியும் சுலைமானியே மசூதியை ஒரு நாள் வரைந்தேன். சினான் என்ற கட்டடக் கலைஞர் எழுப்பி 1557-ல் நிறைவடைந்த அந்த மசூதியை, அதற்கு முந்தைய இரண்டு நாட்களில் இருபது முறையாவது படமெடுத்திருப்பேன். அதன் நான்கு மினார்களையும் ஒரே உயரத்தில் போட்டுவிட்டுக் குவிமாடத்தை வரையப் போனால், ஏதோ ஒன்று பொருந்தவில்லை. கை பிசகிவிட்டது என்று எண்ணி இரண்டு முறை அழித்தேன். பிறகு கையை நீட்டிப் பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடி அளந்தபோதுதான் இரண்டு மினார்கள் நெடியவை, இரண்டு குட்டையானவை என்பது பிடிபட்டது. தொலைவினால் அப்படித் தெரிகிறதோ என்ற ஐயம், மாடங்களை எண்ணியதும் தீர்ந்தது: நெடியவற்றில் மும்மூன்று, குட்டையானவற்றில் இவ்விரண்டு, ஆகப் பத்து. (மசூதியைக் கட்டுவித்த சுலைமான் உஸ்மானிய வம்சத்தின் பத்தாவது சுல்தான் என்பதை அது குறிக்கிறது என்பார்கள்.) நான் எடுத்த படங்களிலும் இந்த வேறுபாடு இருக்கத்தான் செய்தது, நான்தான் பார்க்கவில்லை. விடுதி அறையில் அமர்ந்து படத்தைப் பார்த்து வரைந்திருந்தால் கோடுகள் சரியாகவே விழுந்திருக்கும், ஆனால் எண்ணிப் பார்க்க வேண்டிய தேவையே எழுந்திருக்காது.

பெரிய ஓவியர்களும் அறைக்குத் திரும்பித்தானே ஓவியத்தை முடித்தார்கள் என்று கேட்கலாம். உண்மைதான். பிரெஞ்சு ஓவியர் டெலக்ருவா 1832-ல் மொராக்கோவுக்கும் அல்ஜியர்ஸுக்கும் சென்று வந்தார். அல்ஜியர்ஸ் பெண்களைப் பற்றிய அவரது புகழ்பெற்ற ஓவியம் 1834-ல் பாரிஸில்தான் வெளிவந்தது. ஆனால் அவர் கையோடு கொண்டுபோனவை, நேரில் கண்டதைக் கோட்டிலும் நீர்வண்ணத்திலும் எழுத்திலும் பதித்த சிறு குறிப்பேடுகள். அவற்றின் பக்கங்களில் படங்களுக்கு நடுவே சொற்களும் கலந்து கிடக்கின்றன. வண்ணம் தீட்ட நேரமில்லாத இடத்தில் சுவரின் நிறத்தையும் நிழலின் நிறத்தையும் கோட்டருகே எழுதி வைத்துக்கொள்ளும் இந்த வழி, தொடக்கநிலையினருக்கு எந்த வண்ணப்பெட்டியையும்விட உதவும்.

வண்ணப்பெட்டி என்றதும் நினைவுக்கு வருகிறது: கட்டுரை பரிந்துரைத்த நீண்ட சாதனப் பட்டியலும் அவ்வளவு தேவையில்லை. ஆங்கில ஓவியர் டர்னரின் குறிப்பேடுகள் ஏறத்தாழ முந்நூறு இன்று லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் உள்ளன; அவற்றில் பக்கம் பக்கமாகப் பென்சில் கோடுகள்தான். ஒரு வண்ணப்படம் போடும் நேரத்தில் பதினைந்து பதினாறு பென்சில் படங்கள் போட்டுவிடலாம் என்று அவர் 1819-ல் நேப்பிள்ஸில் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. பல அருங்காட்சியகங்களுக்குள் பென்சிலுக்கு மட்டுமே அனுமதி என்பதும் கவனிக்கத்தக்கது. பேனாதான் வேண்டும் என்பவர்கள் தண்ணீரில் கரையாத மையைத் தேர்ந்துகொள்வது நல்லது. விமானத்தில் காற்றழுத்தம் குறையும்போது, பாதி மையோடு இருக்கும் ஊற்றுப்பேனா கசியும். நான் அப்படி ஒரு முழு வாரத்தின் பக்கங்களை இழந்திருக்கிறேன்.

நிலக்காட்சியில் சிக்கல் வேறு. கட்டடம் அசையாமல் நிற்கும். மலையோ, ஒரு மேகம் கடப்பதற்குள் வேறு மலையாகிவிடும். எனவே முதல் இரண்டு நிமிடங்களில் நிழல் விழும் இடங்களை மட்டும் குறித்துக்கொண்டு, பிறகு வெளிச்சம் எப்படி மாறினாலும் அந்தக் குறிப்பை மாற்றாமல் வரைந்து முடிக்க வேண்டும். புகைப்படத்தைப் பார்த்து வரைபவருக்கு இந்த நெருக்கடி இல்லை என்பது வசதியாகத் தோன்றலாம். எதை விட்டுவிடுவது என்று முடிவெடுக்க நம்மைப் பழக்குவது அந்த நெருக்கடிதான்.

திறமை இல்லையே என்று தயங்குவோருக்காக ஒன்று. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட சோதனைகளில், எழுதிப் பார்த்த சொற்களைவிட, அவற்றின் பொருளைப் படமாக வரைந்து பார்த்த சொற்களே நினைவில் அதிகம் நின்றன; படம் அழகாக இருந்ததா என்பது முடிவைப் பாதிக்கவில்லை. சொற்களை வைத்து நடந்த சோதனைதான் அது என்றாலும், என் பழைய குறிப்பேடுகளில் கோணலாக வந்திருக்கும் தெருக்கள்தான் எனக்கு இன்றும் மூலை முடுக்கோடு நினைவிருக்கின்றன.

வாசகர்களின் பயண ஓவியங்களை வெளியிடவிருப்பதாகக் கட்டுரையின் முடிவில் அறிவித்திருக்கிறீர்கள். அவை நேரில் நின்று வரைந்தவையாக இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையைச் சேர்க்கவும், ஒவ்வொன்றின் கீழும் இடம், நாள், வரைய எடுத்துக்கொண்ட நிமிடங்கள் ஆகியவற்றை அச்சிடவும், பாதியில் நின்றுபோன படங்களை ஒதுக்காமல் இருக்கவும் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு முறை அழித்த தடத்தோடு இருக்கும் என் மசூதிப் படத்தை அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்