பழைய ஹெட்போனுக்கு அடாப்டர் கேட்டு வருபவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

"வீட்டில் ஒரு பழைய ஹெட்போன் இருக்கிறது, போனில் போட ஒரு அடாப்டர் கொடுங்கள்" என்று கேட்டு வருபவர்கள் இப்போது அதிகம். ஜெர்மனியில் வேலை பார்த்த மாமா கொண்டுவந்தது, அப்பாவின் ரெக்கார்ட் பிளேயரோடு பரணில் கிடந்தது, பழைய சாமான் கடையில் எடுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. கேட்டதும் எடுத்துத் தராமல், "ஹெட்போனைக் கையோடு கொண்டுவாருங்கள், எதில் போடப் போகிறீர்கள் என்றும் சொல்லுங்கள்" என்கிறோம். ஒரு சின்ன சாமானுக்கு இவ்வளவு விசாரணையா என்று சிலர் அலுத்துக்கொள்கிறார்கள். ஏன் கேட்கிறோம் என்று எழுதிவிடுகிறோம்.

முதலில் சுலபமானது. பெரிய பின், அதாவது கால் அங்குல 6.35 மில்லிமீட்டர் பின், தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் காலத்திலிருந்து வருவது. போனிலும் லேப்டாப்பிலும் இருப்பது 3.5. உங்கள் பின்னில் இரண்டு கறுப்பு வளையம் இருந்து, ஹெட்போனின் மின்தடை 32 முதல் 100 ஓம் வரை இருந்தால், கடையில் தொங்கும் அடாப்டரே போதும். ஆனால் கட்டையான அடாப்டரை வாங்காதீர்கள். அந்தக் கனம் முழுதும் போன் சாக்கெட்டில் தொங்கும், நாளடைவில் சாக்கெட் ஆட்டம் காணும். ஒரு சாண் வயர் வைத்ததாக வாங்குங்கள்.

பின்னில் ஒரே ஒரு வளையம் என்றால் அது மோனோ, அதாவது இரு காதுக்கும் ஒரே ஒலி. இதை ஸ்டீரியோ சாக்கெட்டில் அப்படியே சொருகினால், பின்னின் நீண்ட அடிப்பகுதி வலது சேனலையும் எர்த்தையும் ஒன்றாகத் தொட்டுவிடும். வலது பக்க ஆம்ப், அதாவது ஒலியைப் பெருக்கும் பகுதி, ஷார்ட். சில கருவிகள் தாங்கும், சில தாங்காது. இதற்குச் செய்வது எளிது. ஸ்டீரியோ பின்னின் இடது, வலது இரண்டிலிருந்தும் ஆளுக்கு ஒரு 470 ஓம் ரெசிஸ்டர் போட்டு, மறுமுனைகளைச் சேர்த்து மோனோ சாக்கெட்டின் முனைக்குக் கொடுக்க வேண்டும். எர்த் எர்த்துக்கு. 1920-களின் ரேடியோ ஹெட்போன் போன்ற 2000 ஓம் மோனோ வகைகளுக்கு இது நன்றாகவே வேலை செய்யும். 8 ஓம் மோனோவில் சத்தம் முழுதும் ரெசிஸ்டரிலேயே போய்விடும். அதற்கு வேறு கணக்கு.

அடுத்தது, அதிகமாகத் திரும்பி வரும் புகார்: "அடாப்டர் போட்டேன், சத்தமே இல்லை, ஹெட்போன் செத்துவிட்டதா?" பெரும்பாலும் சாகவில்லை. சென்ஹைசர் எச்டி 414-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1968-இல் வந்தது, மஞ்சள் ஸ்பாஞ்ச் வைத்தது, பார்த்ததும் தெரியும். ஆரம்ப கால 414 ஒவ்வொரு காதுக்கும் 2000 ஓம். போனிலிருந்து 1 வோல்ட் வந்தால் அதற்குக் கிடைப்பது அரை மில்லிவாட். அதே 1 வோல்ட் 32 ஓம் ஹெட்போனுக்கு 31 மில்லிவாட் கொடுக்கும். அந்தக் காலத்து ஆம்ப்களில் ஸ்பீக்கருக்குப் போகும் லைனிலிருந்தே ஒரு ரெசிஸ்டர் வழியாக ஹெட்போனுக்கு எடுத்துக் கொடுப்பார்கள், வோல்ட்டுக்குப் பஞ்சமில்லை. அடாப்டர் வோல்ட்டைக் கூட்டாது. நல்ல ஹெட்போன் ஆம்ப் ஒன்று வேண்டும், அல்லது வீட்டில் ரேடியோவும் ஆம்பும் சேர்ந்த பழைய ரிசீவர் இருந்தால் அதிலேயே போட்டுக் கேளுங்கள். பிற்பாடு வந்த 414-களில் 600 ஓம் வகையும் உண்டு. அதனால்தான் மீட்டர் வைத்துப் பார்க்காமல் நாங்கள் வாய் திறப்பதில்லை.

8 ஓம் ஹெட்போன்களுக்கு இதற்கு நேரெதிர் வியாதி. அவை கரண்டை உறிஞ்சும், போன் திணறும், பாட்டு கரகரக்கும். ஒவ்வொரு சேனலிலும் ஒரு 33 ஓம் ரெசிஸ்டரை வரிசையில் வைத்தால் அடங்கிவிடும். சத்தம் குறையும், பரவாயில்லை.

414-இல் இன்னொரு வம்பு அதன் பின்னில்தான். பகடையில் ஐந்து விழுந்த மாதிரி ஐந்து முள் இருக்கும். ஒரு பக்கமாகச் சொருகினால் ஸ்பீக்கர் ஓடும், திருப்பிச் சொருகினால் ஸ்பீக்கர் நிற்கும் என்று அதற்கே ஒரு சாமர்த்தியம். நம் ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைக்கும் ஐந்து முள் டின் (DIN) சாக்கெட் வேறு, முட்கள் அரைவட்டமாக இருக்கும். அதில் அழுத்தித் திணித்து முள்ளை வளைத்துக்கொண்டு வருகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பின்னை வெட்டவும் வேண்டாம். 414-இன் வயர் காதுப் பக்கத்திலேயே கழன்று வரும். புது வயர் செய்து போட்டுக்கொண்டு, பழையதைச் சுருட்டிப் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு விற்பதானாலும் அதற்கு மதிப்பு.

வீட்டில் நீங்களே சால்டரிங் செய்கிறீர்களா, சந்தோஷம். வயரின் நிறத்தை நம்பாதீர்கள். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு பின்னின் ஒவ்வொரு பகுதியையும் தொடுங்கள். எந்தக் காதில் 'டிக்' கேட்கிறதோ அதுதான் அந்தச் சேனல். அப்புறம் பழைய ஹெட்போன் வயரை உரித்தால் உள்ளே செம்புக் கம்பி இருக்காது. நூலின் மேல் மெல்லிய செம்புத் தகடு சுற்றியிருக்கும், அதன்மேல் பெரும்பாலும் வார்னிஷ். ஈயம் ஒட்டாமல் உருண்டு ஓடும், சூட்டைக் கூட்டினால் நூல் கருகி வயர் அறுந்துவிடும். வார்னிஷை நுனியில் மெதுவாகச் சுரண்டி, ஃப்ளக்ஸ் தடவி, மெல்லிய செம்புக் கம்பியை அதன்மேல் நெருக்கமாகச் சுற்றி, அந்தக் கம்பிக்கு ஈயம் கொடுங்கள். பொறுமைதான் வேண்டும். முடித்ததும் பேச்சு மட்டும் உள்ள ஒரு மோனோ பதிவைப் போட்டுக் கேளுங்கள். குரல் நடு மண்டையில் நிற்க வேண்டும். எங்கோ பரவி, பேஸ் இல்லாமல் கேட்டால் ஒரு காதின் பிளஸ், மைனஸ் வயர் மாறியிருக்கிறது.

சிலவற்றை எவ்வளவு கேட்டாலும் நாங்கள் செய்து தர மாட்டோம். 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு (இரு சேனலுக்கும் தனித்தனி பிளஸ், மைனஸ் உள்ள) சாக்கெட்டிலிருந்து சாதாரண மூன்று பகுதிப் பின்னுக்கு அடாப்டர்: பேலன்ஸ்டில் இடது, வலது நெகட்டிவ் இரண்டும் எர்த் அல்ல, இரண்டிலும் சிக்னல் ஓடும், சேர்த்தால் ஆம்ப் போய்விடும். புதிய கிளாஸ்-டி ஆம்ப்களின் ஸ்பீக்கர் முனையிலிருந்து ஹெட்போனுக்கு எடுப்பதும் அப்படித்தான், பழைய புத்தகத்தில் படம் இருந்தாலும் சரி. ஸ்டாக்ஸ் போன்ற எலக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போனுக்குப் பேச்சே இல்லை. அதற்கு எப்போதும் 230 அல்லது 580 வோல்ட் பயாஸ் மின்னழுத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கென்றே தனிப் பெட்டி உண்டு, அதோடுதான் ஓடும்.

ஹெட்போன் சாக்கெட்டே இல்லாத போன் என்றால், உள்ளே வயர் மட்டும் உள்ள மலிவான டைப்-சி அடாப்டர் பல போன்களில் ஊமையாகிவிடும். உள்ளே டிஏசி சிப், அதாவது டிஜிட்டல் சிக்னலை ஒலி சிக்னலாக மாற்றும் சிப், உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.

வரும்போது ஹெட்போன், போடப்போகும் கருவியின் மாடல் பெயர், பழைய பெட்டியோ கையேடோ இருந்தால் அதுவும் கொண்டுவாருங்கள். மீட்டரில் பார்த்துச் சொல்வதற்குக் காசு இல்லை. அடாப்டர் செய்வதென்றால் சாமான் விலையும் கூலியும் முன்கூட்டியே சொல்லிவிடுவோம். மாலை நேரக் கூட்டத்தில் நிதானமாகப் பார்க்க முடியாது, காலையில் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
கடை நண்பர்கள்